பொம்மை வழி

அமைச்சர் முன்னால் ஒரே ஒரு வழியை எழுதிக்கொண்டு போய் நிற்கக் கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் செயலகத்தில் நாலு வருஷம் நாற்காலி தேய்த்த எவருக்கும் தெரியும். ஒரே வழி என்றால் அவருக்கே உத்தரவு போடுவது போல ஆகிவிடும், முகம் கறுத்துப்போகும். அதனால் மூன்று வழி எழுதுவார்கள். முதலாவது, யாரும் கையால் தொட மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதுவது. மூன்றாவது, கஜானாவைத் துடைத்து வைத்துவிடும் அளவுக்குச் செலவு இழுப்பது. நடுவில் இருப்பதுதான் துறைக்கு வேண்டியது. அமைச்சர் மூன்றையும் படித்து, முன்னதையும் பின்னதையும் தள்ளி, தானே யோசித்து முடிவெடுத்த நிறைவோடு நடுவில் டிக் அடிப்பார். அந்த முதலாவதற்கு அவர்களுக்குள் பொம்மை வழி என்று பெயர்.

பொம்மைதானே என்று ஏனோதானோவென்று எழுதிவிடவும் முடியாது. அமைச்சரும் ஆள்தானே, காதில் பூ சுற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் வம்பு. பொம்மைக்கும் சட்டை மாட்டி, தலைவாரி, உயிர் இருக்கிற மாதிரி நிறுத்த வேண்டும். அந்த வேலையில் இவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. பிரிவு அலுவலர் என்பது அவள் மேசைப் பலகையில் இருந்த பெயர். மற்றபடி எல்லாருக்கும் பத்தியக்கா. எந்தத் துறையில் எந்தக் குறிப்பு முட்டிக்கொண்டு நின்றாலும், "அக்கா, ஒரே ஒரு பத்தி" என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆற்றுமட்டம் பார்ப்பவர்களைப் பற்றிய கோப்பு அவள் மேசைக்கு வந்தது. ஆற்றின் நெடுக நாற்பது இடங்களில் நாற்பது பேர். பாலத்துத் தூணை ஒட்டி நிறுத்தியிருக்கும் அளவுக்கம்பத்தைக் காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளை பார்த்து, நோட்டில் எழுதி, கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான். நிதித்துறை, இதற்கு நாற்பது பேரா என்று கேட்டிருந்தது. அந்த நாற்பதில் ஒருவர் அவளுடைய அண்ணன். இருபத்தாறு வருஷமாக அதே கம்பம், அதே பாலம்.

அண்ணன் வேலையைக் காப்பாற்றத்தான் அவள் அந்தக் குறிப்பை எழுதினாள். நடு வழி, இருக்கிறவர்கள் இருக்கட்டும், ஓய்வு பெறுகிற இடங்களையும் நிரப்பலாம் என்பது. மூன்றாவது, நாற்பது இடத்திலும் தானியங்கிக் கருவி. பொம்மை வழி, நாற்பது பணியிடங்களையும் உடனே நீக்கிவிடலாம் என்பது. அப்போதைய மேலதிகாரி படித்துவிட்டு, பொம்மை ரொம்ப ஒல்லியாக இருக்கிறது, ஒரு காரணமாவது வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்.

காரணம் அவளுக்கு உடனே வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு, சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு பல் குத்தியபடி அண்ணன் சொன்னார்: "பத்து வருஷமா நான் சொல்ற நம்பரைக் கேட்டுட்டு, ஏன்யா ஏறிச்சு, ஏன்யா இறங்கிச்சுன்னு ஒருத்தன் திருப்பிக் கூப்பிட்டதில்ல. நாளைக்கு என் வயசைச் சொன்னாலும் எழுதிக்குவான்." அண்ணி சிரித்துச் சிரித்துப் புரையேறி, இவள் போய்த் தலையில் தட்டினாள்.

அதை எடுத்துத்தான் எழுதினாள். 'கடந்த பத்து ஆண்டுகளில், தெரிவிக்கப்பட்ட அளவுகள் குறித்து விவரம் கேட்டு ஒருமுறைகூடத் திரும்ப அழைக்கப்படவில்லை.' ஒரு வரிதான். எழுதிவிட்டு, இரண்டு தரம் படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள்.

அமைச்சர் புதுசு. நல்ல மனிதர் என்றுதான் சொன்னார்கள், கோப்புகளை உண்மையாகவே படிக்கிறவர். அன்றைக்குப் பதினேழு கோப்பு. அந்த ஒரு வரி அவருக்குப் பட்டது. பக்கத்தில் கோடு போட்டு, 'பின் எதற்கு?' என்று எழுதி, முதல் வழிக்கு டிக் அடித்துவிட்டார்.

கோப்பு திரும்பி வந்தபோது பிரிவே எழுந்து நின்றது. அவள் மேலதிகாரியிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என்னன்னு போய்ச் சொல்லச் சொல்றே? ஐயா, அது உங்களுக்காக வச்ச பொம்மை, அதை ஏன் எடுத்தீங்கன்னா?" என்று கேட்டார். அப்படிச் சொன்னால் இத்தனை வருஷம் எத்தனை அமைச்சருக்கு எத்தனை பொம்மை காட்டினோம் என்ற கதை வெளியே வரும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் உத்தரவு போயிற்று, அதையும் அவள்தான் தட்டச்சுக்குக் கொடுத்தாள்.

அண்ணனுக்கு ஐம்பத்துநாலு வயது. அந்த வயதில் யார் வேலை தருவார்கள்? இவள்தான் வீட்டுக்காரரின் நண்பரைப் பிடித்து, ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு கிடங்கில் காவல் வேலை வாங்கிக் கொடுத்தாள். அண்ணி பாலத்துப் பக்கத்து வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். எட்டு மாசம் கழித்து, மழைக்காலத்தின் கடைசியில், விடிகிற நேரத்தில் ஆறு ஏறியது. மேலே பெய்த மழை, இங்கே வானம் வெளுத்துத்தான் இருந்ததாம். பதினோரு பேர் போனார்கள். அண்ணி கிடைத்தது அளவுக்கம்பத்துக்குப் பக்கத்தில். அண்ணனுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் எல்லாம் அவள்தான் போய் அளவு பார்த்து, அண்ணன் கையெழுத்திலேயே எழுதி வைப்பாள். அன்றைக்கும் பார்க்கத்தான் போயிருக்கிறாள். அவளுடைய போனைக் காயவைத்துத் திறந்தபோது, கட்டுப்பாட்டு அறையின் பழைய எண்ணுக்கு நான்கு முறை அழைத்திருந்தது தெரிந்தது. அந்த இணைப்பை உத்தரவோடு சேர்த்துத் துண்டித்திருந்தார்கள். அதற்கான கடிதமும் இவள் பிரிவிலிருந்துதான் போனது.

அதற்குப் பிறகு அண்ணன் இவள் வீட்டில்தான் இருக்கிறார். மூன்றாம் மாடி, இரண்டு அறை, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. காலை ஆறு மணிக்கு அண்ணன் பால்கனியில் போய் நின்று, கீழே தெருவைப் பார்த்து ஒரு எண் சொல்வார். "இரண்டு புள்ளி நாலு." சத்தமாக இல்லை, பக்கத்தில் யாரோ எழுதிக்கொள்கிறவர்களுக்குச் சொல்கிற மாதிரி. மதியம் அவள் வீட்டில் இருப்பதில்லை. மாலை ஆறுக்கு மறுபடியும். முதலில் பயந்துபோய் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, இதை விட்டுவிடுங்கள் என்றார் அவர். உண்மைதான். அண்ணன் கடைக்குப் போவார், காய்கறி பேரம் பேசுவார், குழாய் ஒழுகினால் சரி செய்வார். ஆனால் அவர் எண் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஒரு வரி காதில் கேட்கும், அமைச்சர் போட்ட கோடு கண்ணில் தெரியும். சில நாள் எண் ஏறும். மூன்று புள்ளி ஒன்று, மூன்று புள்ளி ஆறு. அந்த நாட்களில் அவளால் சாப்பிட முடியாது.

உத்தரவு அமைச்சர் போட்டது என்று அண்ணனுக்குத் தெரியும். எழுதியது யார் என்று தெரியாது. ஒருநாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அமைச்சரைச் சொல்லிக் குத்தமில்ல, அவருக்கு ஆத்தைப் பத்தி என்ன தெரியும். எழுதிக் கொடுத்தவன் ஒருத்தன் இருப்பான்ல, அவனை ஒருநாள் பாக்கணும். அடிக்க எல்லாம் இல்ல. பாக்கணும்" என்றார். அவள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

இப்போது அந்தக் கோப்பு திரும்பி வந்திருக்கிறது. வேறு அமைச்சர். விசாரணை அறிக்கை, ஆற்றுமட்டம் பார்ப்பவர்களை மறுபடி அமர்த்தலாம் என்கிறது. புது அமைச்சர், முன்பு வேலை பார்த்தவர்களில் ஐந்து பேரையாவது நேரில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள் என்றுவிட்டார். கூட்டம் வியாழக்கிழமை. ஐவருக்கும் முன்கூட்டியே காகிதக் கட்டு தபாலில் போக வேண்டும். ஐந்தில் ஒரு முகவரி அவளுடைய வீடு.

காகிதக் கட்டில் பழைய குறிப்பும் இணைப்பாக இருக்க வேண்டும். அதன் ஓரத்தில், எழுதியவரின் சுருக்கொப்பம். அந்த இரண்டு எழுத்தைப் பள்ளிக்கூடத்து நோட்டு அட்டையிலிருந்தே அண்ணனுக்குத் தெரியும்.

புதிதாக வந்த சின்ன அதிகாரிக்கு விஷயம் முழுக்கத் தெரியாவிட்டாலும் பாதி தெரியும். நல்ல பையன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, அந்த ஒரு தாளை விட்டுட்டு அனுப்பிடலாமே. யாரு எண்ணப் போறா?" என்றான். அவள் ஒரு நாள் முழுக்க அதை யோசித்தாள். தாளை எடுத்துவிட்டால், முன்பு ஏன் நீக்கினார்கள் என்பது இந்த அமைச்சருக்கும் தெரியாது, இன்னும் ஐந்து வருஷத்தில் வேறொருத்தி உட்கார்ந்து அதே பொம்மைக்கு அதே சட்டையை மாட்டுவாள். இது ஒரு காரணம். இன்னொன்று, அவளுக்கு அலுத்துவிட்டது. அண்ணனிடம் சொல்லிவிடலாம், திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று இருந்தது.

சனிக்கிழமை மதியம் சொன்னாள். வெளியே நசநசவென்று மழை. வீட்டுக்காரர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அண்ணன் மேசையில் செய்தித்தாளை விரித்து, பிரித்துப் போட்ட மின்விசிறிச் சுவிட்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு உங்களுக்குக் காகிதம் வரும். அதுல பழைய குறிப்பு ஒண்ணு இருக்கு. அது நான் எழுதினது."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வழி, பொம்மை, நடு வழியைத்தான் எடுப்பார்கள் என்று நம்பியது, டிக், வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். கடைசியில், "காட்டு" என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அளவுக்கம்பத்தைப் பார்க்கிற மாதிரி மூன்று தரம் படித்தார். அலை அடிக்கும்போது ஒரு தரம் பார்த்தால் தப்பாகும், மூன்று தரம் பார்த்து நடுவை எடுக்க வேண்டும் என்பார். மூன்றாம் தரம் விரல் அந்த வரியில் நின்றது.

"இது..." என்றார். "பத்து வருஷமா திருப்பிக் கூப்பிடல... இது எனக்கு எங்கேயோ..."

இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகத்தில் ஏதோ இளகியது, பிறகு அந்த இளக்கத்துக்குக் கீழே வேறொன்று திறக்கப் பார்த்தது. அதை அவள் கண்டாள். தான் இரண்டு வருஷமாகப் படுத்துக் கிடக்கும் குழி அது. அண்ணன் அதன் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டார். நான் விளையாட்டாகச் சொன்ன சொல் என் பெண்டாட்டியைக் கொன்றதா என்று இந்த மனிதர் மிச்ச நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? அவள் யோசிக்கவே இல்லை.

"கன்ட்ரோல் ரூம் ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்தேன்" என்றாள்.

"நான் உங்கிட்ட ஒரு தடவை..."

"நீங்க எப்ப எங்கிட்ட வேலை விஷயம் பேசியிருக்கீங்க? நானே போய் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பாத்து எழுதினது."

அவர் தாளை மேசையில் வைத்தார். "அப்போ தேடிப் போய் எழுதியிருக்கே."

"ஆமா."

"என் வேலைன்னு தெரிஞ்சே."

"ஆமாண்ணா."

"அப்புறம் நீயே என்னை அவ்வளவு தூரம் அனுப்பியும் வச்சே."

அவர் சுவிட்சைப் பூட்டி, திருகாணிகளை முடுக்கி, சுவரில் பொருத்தி, விசிறி ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பையில் துணியை அடுக்கினார். வீட்டுக்காரர் புது முடிவெட்டோடு நனைந்துகொண்டு வந்து, "இந்த மழையில எங்க கிளம்பிட்டீங்க மச்சான்?" என்றார். "ஒரு கூட்டாளி வீட்டுக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கிப் போனார். அவள் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். நடந்ததைக் கேட்டு முடித்துவிட்டு ஈரத் தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உள்ளதைச் சொல்லியிருந்தா நாலு நாள் திட்டிட்டு இங்கேயே இருந்திருப்பார்" என்றார்.

"இருந்திருப்பார். என்னவா இருந்திருப்பார்? என்னை மாதிரியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வீடு சத்தமில்லாமல் இருந்தது. அவள் விழித்துக்கொண்டு, எண்ணுக்காகக் காத்துக் கிடந்தாள். அது வராதது வந்ததைவிட மோசமாக இருந்தது. எத்தனை ஏறியிருக்கிறது என்று தெரியாமல் எப்படி எழுந்து போய்ப் பால் வாங்குவது என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே திகைத்தாள்.

வியாழக்கிழமைக் கூட்டம் இரண்டாம் மாடிச் சின்ன அறையில் நடந்தது. நீள மேசை, தட்டில் பிஸ்கட், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைமை வகித்தவர் கூடுதல் செயலர், ஓர் அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர், தாளில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். ஒரு பக்கம் சின்ன அதிகாரியும் கூட்டக் குறிப்பு எழுத இவளும். எதிரில் ஐந்து பேர், சலவைச் சட்டையில். அண்ணன் கடைசியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரும்போது இவளைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்றார். மற்ற நால்வருக்கும் இருவரும் அண்ணன் தங்கை என்று தெரியாது.

ஐவரும் நன்றாகத்தான் பேசினார்கள். கம்பத்தில் பாசி பிடித்தால் கோடு தெரியாது, வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும் என்றார் ஒருவர். கருவி நல்லதுதான், ஆனால் வெள்ளம் வரும்போது முதலில் அடித்துக்கொண்டு போவது அதுதான் என்றார் பெரிய மீசை வைத்திருந்தவர். கூடுதல் செயலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பழைய குறிப்பை எடுத்து, அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

"இதை வச்சுத்தான் முன்னாடி முடிவெடுத்திருக்காங்க. இது உண்மையா?"

அண்ணன் தலை நிமிராமல், "எழுதின மேடத்தையே கேளுங்க" என்றார்.

கூடுதல் செயலர் இவள் பக்கம் திரும்பினார். இவள் எழுதுகோலை வைத்துவிட்டு, "கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டிலிருந்து எடுத்ததும்மா" என்றாள். சனிக்கிழமை சொன்னதைவிட இப்போது சுலபமாக வந்தது.

"எந்தப் பதிவேடு?"

மீசைக்காரர் குறுக்கிட்டார், மரியாதையாகத்தான். "அம்மா, அங்க அப்படி ஒரு ரெஜிஸ்டரே கிடையாதுங்க. நாங்க சொல்ற நம்பரை எழுதிக்குவாங்க. அவங்க யாரைத் திருப்பிக் கூப்பிட்டாங்கன்னு என்னைக்கும் எழுதினது இல்ல. இருபது வருஷம் நான் அங்க போய் வந்தவன்." மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

இப்படி ஒன்றை அவள் நினைத்தே பார்க்கவில்லை. நாற்பது பேருக்கும் தெரிந்த சங்கதி அவளுக்குத் தெரியாமல் போயிற்று. வீட்டு மேசைக்குப் போதுமான பொய், நீள மேசைக்குப் போதவில்லை.

"அப்போ ஆதாரமே இல்லாம அமைச்சருக்கு எழுதியிருக்கீங்க" என்றார் கூடுதல் செயலர். குரல் உயரவில்லை. "பதினோரு பேர் போயிருக்காங்க. இது சாதாரணக் குற்றம் இல்ல, தெரியும்ல?"

அவள் தெரியும் என்றாள். சின்ன அதிகாரி பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் தலையைத் தூக்கினார். பதிவேடு இல்லை என்பது அவருக்கு மட்டும் இப்போதா தெரியும்? சனிக்கிழமையே தெரிந்திருக்கும், கோபத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது எண்ணினார். அவர் கண் இவள் முகத்தில் மூன்று தரம் வந்து போனதை இவள் பார்த்தாள். வேண்டாம் அண்ணா என்று மெல்லத் தலையசைத்தாள்.

அவர் எழுந்து நின்றார்.

"அம்மா, ஆதாரம் இருக்கு. அதைச் சொன்னவன் நான்தான். இவங்க என் தங்கச்சி. ஒரு நாள் வீட்டுல சாப்பிட்டுட்டு, விளையாட்டாச் சொன்னேன். ஆனா சொன்னது உண்மைதான். யாரும் கூப்பிட்டதில்ல."

கூடுதல் செயலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதைப் பதிவு பண்ணணும். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அண்ணன் சம்மதம் என்றார். இவள் எழுதினாள். எழுத்து எப்போதும்போல முத்து முத்தாகத்தான் விழுந்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனார்கள். நாற்பது இடத்திலும் மறுபடி ஆள் போடலாம் என்று ஒரே ஒரு வழி எழுதச் சொல்லிவிட்டார் கூடுதல் செயலர். அமைச்சர் முகம் கறுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஆதாரத்தை மறைத்ததற்கு அவளிடம் தனியாக விளக்கம் கேட்பதாகவும் சொன்னார். அவள் சரி என்று கோப்பைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் படிக்கட்டில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அது என் வாயில வந்த சொல்லுன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பொய் சொன்னியா?" என்று கேட்டார்.

"ஆமா."

கோப்பு தூக்கி வந்த ஒருவர், வழி விடுங்கள் என்றார். இருவரும் காலை ஒதுக்கிக்கொண்டார்கள்.

"நல்ல பொய்தாம்மா" என்றார் அண்ணன். "நான் அதையே வச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."